பக்கத்துப் பெட்டியின் முட்டை

ராணி இல்லாத தேனீப் பெட்டியைக் கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடித்துவிடும். மூடியைத் தூக்கினால் எந்தக் குடும்பமும் ஒரு தடவை இரையும். ராணி இருக்கிற குடும்பத்தில் அந்த இரைச்சல் எழுந்த வேகத்திலேயே அடங்கிப்போகும். ராணி போன பெட்டியில் அடங்காது. ஏறி இறங்கி நீண்டுகொண்டே போகும். அடை தாங்கும் சட்டங்களின் மேல் ஈக்கள் ஓரிடத்தில் நிற்காது. வாசல் பலகையில் எதையோ தொலைத்ததுபோல ஓடும், உள்ளே போகும், மறுபடி வரும்.

ராணியின் உடம்பில் ஒரு சுரப்பு உண்டு. அவளைச் சுற்றி நின்று நக்கித் துடைக்கும் இளம் ஈக்கள் அதை எடுத்துக்கொள்கின்றன. அவற்றிடமிருந்து மற்ற ஈக்களுக்கு வாய்வழியாகவும் உணர்கொம்பு வழியாகவும் அது ஓயாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். போவது நின்றால் சில மணி நேரத்துக்குள் பெட்டி முழுக்கச் சேதி தெரிந்துவிடுகிறது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் காலின் பட்லர் 1950களில் இந்தச் சுரப்பை ஆராய்ந்து நிறுவினார். ராணி என்றதும் ஆணையிடுகிறவள் என்று நினைத்துக்கொள்கிறோம். அவள் யாருக்கும் எந்த ஆணையும் இடுவதில்லை. எங்கே போய்ப் பூ எடுப்பது, எப்போது குடி பிரிவது, எந்த அறையில் தேன் வைப்பது, எதுவும் அவள் முடிவல்ல. அவள் செய்வது இரண்டு: முட்டையிடுவது, தான் இருப்பதை மணத்தால் தெரிவித்துக்கொண்டே இருப்பது. ஆனால் அந்த இரண்டும் நின்றுபோன குடும்பம், புது ராணி வராவிட்டால், இரண்டு மூன்று மாதங்களில் இல்லாமல் போய்விடும்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற சாலையை ஒட்டிய எங்கள் மண்டகப்பட்டுப் பகுதி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் எள்ளும் கரும்பும் நெல்லும் மாறி மாறி வருகிற நிலம். வடகிழக்கே திண்டிவனம் பக்கம் போனால் தை, மாசியில் தர்பூசணிக் கொடிகள் தரை முழுக்கப் படர்ந்திருக்கும். மல்லாட்டைக்குத் தேனீ வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான், தன் பூவுக்குள்ளேயே சேர்ந்து காய்க்கிற செடி அது. தர்பூசணி அப்படியில்லை. ஒரே கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. காலையில் மலர்ந்து மதியத்துக்குள் வாடிவிடும். மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்று தூக்கிக்கொண்டு போகாது. அந்தச் சில மணி நேரத்துக்குள் ஈ போதிய அளவு வந்து போகாவிட்டால் காய் பிடிக்காது. பிடித்தாலும் ஒரு பக்கம் சூம்பிப்போகும். ஆக, ஒரு பெட்டியில் ராணி இல்லை என்பது பெட்டிக்காரர் வீட்டுத் துக்கம் மட்டுமல்ல.

மண்டகப்பட்டுக் குன்றில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இருக்கிறது. பல்லவர் குடைவரைகளில் முதலாவதாக எண்ணப்படுவது, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் என்று பட்டம் கொண்ட அம்மன்னன் எடுப்பித்தது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. உள்ளே மூன்று கருவறைகள், மூன்றிலும் இன்று மூர்த்தம் கிடையாது. முகப்பின் இரு பக்கமும் துவாரபாலகர் இருவர் மட்டும் காவலுக்கு நிற்கிறார்கள். ராணி போன பெட்டியின் வாசலிலும் காவல் ஈக்கள் அப்படித்தான் நிற்கின்றன. அந்நிய ஈ வந்தால் பிடித்துத் தள்ளுகின்றன, குளவி வந்தால் சேர்ந்து உடலை நடுக்கிக் காட்டுகின்றன. கல் காவலர்களுக்குக் காலக்கெடு இல்லை. ஈக்களுக்கு உண்டு, அதுவும் மிகக் குறுகியது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தியத் தேனீயில் முட்டை பொரிய 3 நாள். புழுப் பருவம் ஏறக்குறைய 5 நாள். பிறகு வேலைக்கார ஈக்கள் அறையை மெழுகால் மூடிவிடும். ராணி 15, 16 நாளில் வெளியே வருகிறாள். வேலைக்காரிக்கு 18 முதல் 20 நாள் ஆகும். ஆண் ஈக்கு 24. ராணியாவதும் வேலைக்காரியாவதும் ஒரே வகை முட்டைதான். பிறப்பில் எந்த வித்தியாசமும் கிடையாது. பொரிந்த முதல் மூன்று நாள் எல்லாப் பெண் புழுவுக்கும் தாதி ஈக்கள் தம் தலையில் சுரக்கும் பாலைத்தான் ஊட்டுகின்றன. மூன்றாம் நாளுக்குப் பிறகு வேலைக்காரிக்கு மகரந்தமும் தேனும் கலந்த உணவு. ராணியாக வேண்டியவளுக்குக் கடைசிவரை அந்தப் பால், அதுவும் அவள் மிதக்கிற அளவுக்கு. அறையும் பெரிது. இவ்வளவுதான். இதற்குமேல் அரச ரத்தம் என்று ஒன்று இல்லை.

ஜெர்மன் நாட்டுப் பாதிரியார் ஆடம் காட்லாப் ஷிராக் 1760களில் இதைச் சோதித்துச் சொன்னபோது பலர் நம்பவில்லை. சாதாரணக் குஞ்சிலிருந்து ராணியா என்று கேட்டார்கள். ஜெனீவாவின் பிரான்சுவா ஹூபர் அதை மறுபடி செய்து பார்த்து உறுதிசெய்தார். ஹூபர் கண் பார்வையை இழந்தவர். அவருடைய உதவியாளர் பிரான்சுவா பர்னான் பார்த்துச் சொல்லச் சொல்ல, கேள்விமேல் கேள்வி கேட்டு, 1792இல் வெளிவந்த அவருடைய நூல் உருவானது. தேனீயைப் பற்றி அதுவரை எழுதியவர்களில் மிகத் தெளிவாகப் பார்த்தவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

திடீரென்று ராணி இறந்தால், குடும்பம் ஓரிரு நாளுக்குள் ஏற்கெனவே அடையில் கிடக்கும் இளம் புழுக்களில் சிலவற்றைத் தேர்ந்து, அவற்றின் அறைகளை அகலமாக்கி, கீழ்நோக்கி வளைத்துக் கட்டத் தொடங்குகிறது. பழைய ராணி கடைசியாக இட்ட முட்டைகளுக்கு இப்போது பெரிய பொறுப்பு. முட்டையும் மூன்று நாளுக்கு உட்பட்ட புழுவும் இருக்கும்வரைதான் கதவு திறந்திருக்கும். கடைசி முட்டை இட்டதிலிருந்து ஏறக்குறைய ஆறு நாள். அதற்குள் தொடங்காவிட்டால், அல்லது தொடங்கியும் அந்தப் புழுக்கள் கெட்டுப்போனால், அந்தக் குடும்பத்தால் இனி தன் கையால் ராணியை உண்டாக்க முடியாது. ஆயிரம் தாதிகள் பாலோடு காத்திருந்தாலும் ஊட்டப் பிள்ளை இல்லை.

அப்படிப்பட்ட பெட்டியில் நடப்பதைப் பார்க்க மனம் கனக்கும். ராணியின் மணமும் இல்லை, புழுக்களின் மணமும் இல்லை என்றானதும் வேலைக்காரிகள் சிலரின் சூலகம் விழித்துக்கொள்கிறது. இத்தாலியத் தேனீயில் இதற்கு வாரக்கணக்கில் ஆகும். நம் இந்தியத் தேனீயில் சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. இந்த நாட்டில் பெட்டி வைப்பவர் மனத்தில் வைக்க வேண்டிய வித்தியாசம் இது. வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி சட்டத்தைச் சாய்த்துப் பார்த்தால், ராணி இட்ட அறையில் அடிநடுவில் ஒரே ஒரு வெள்ளை முட்டை இருக்கும். முதல் நாள் நெட்டுக்குத்தாக நிற்கும், அடுத்த நாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும். வேலைக்காரி இட்ட அறையில் இரண்டு, மூன்று, ஐந்து என்று கிடக்கும். அவள் வயிறு குட்டை, அடிவரை எட்டாது, அதனால் பல முட்டை சுவரிலேயே ஒட்டியிருக்கும். அவள் ஆணோடு சேராதவள் என்பதால் எல்லாம் ஆண் ஈயாகவே பொரியும். இந்தியத் தேனீயின் ஆண் அறை மூடியில் நடுவே ஊசி குத்தியதுபோல ஒரு துளை இருக்கும். வேலைக்காரி பிறக்க வேண்டிய சிறிய அறைகளின் மேல் புடைத்த மூடியும் அந்தத் துளையும் சிதறிக் கிடப்பதைப் பார்த்தால் முடிந்தது என்று அர்த்தம். பூவுக்குப் போகிறவர்கள் குறைந்துகொண்டே வருவார்கள். காவல் தளரும். பிறகு மெழுகு அந்துப்பூச்சி நுழைந்து முட்டையிடும். அதன் புழு அடையைத் துளைத்து நூலாம்படை கட்டிவிடும்.

நிலைமை அவ்வளவு தூரம் போகுமுன் இதற்குக் கைகண்ட மருந்து ஒன்று உண்டு. பக்கத்தில் நல்ல ராணியோடு இருக்கிற இன்னொரு பெட்டியிலிருந்து, அன்று இட்ட முட்டையும் அப்போதுதான் பொரிந்த புழுவும் நிறைந்த ஒரு சட்டத்தை எடுத்துவந்து நடுவில் வைப்பது.

எங்கள் பக்கத்தில் இரண்டு கொல்லை தள்ளிப் பெட்டி வைத்திருக்கும் தம்பி ஒரு தை மாதக் காலையில் வந்தார். "அண்ணே, நம்ம பெட்டி சரியில்லண்ணே. மூடியத் தொறந்தா ஒரே இரைச்சலா இருக்கு, முட்டையே காணல" என்றார். போய்ப் பார்த்தோம். அடையில் மூடிய அறைகள் கொஞ்சம் இருந்தன, முட்டையும் இளம்புழுவும் துளிகூட இல்லை. ராணி அறை கட்டிய அடையாளமும் இல்லை. வேலைக்காரிகள் இன்னும் முட்டையிடத் தொடங்கவில்லை, அதுவரை நல்லது. "ஒரு ராணிய வாங்கி வுட்டா ஆவாதாண்ணே?" என்று கேட்டார். வாங்கிவிடலாம், ஆனால் கூண்டு, பழக்குவது, ஏற்காமல் கொன்றுவிடும் அபாயம் என்று அதற்கு ஆயிரம் கவலை. "ராணி வேணாம் தம்பி, புள்ளையக் குடுப்போம். அதுங்களே பாத்துக்கும்" என்றேன்.

என் பெட்டியில் ராணி எந்தச் சட்டத்தில் இருக்கிறாள் என்று முதலில் தேடிக் கண்டுகொண்டு, அவள் இல்லாத சட்டமாக எடுத்தோம். மேலே இருந்த ஈக்களை மெல்ல உதறி, மிச்சத்தை இறகால் தள்ளிவிட்டு, வெயில் படாமல் ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போனோம். எங்களுடையது நியூட்டன் வகைப் பெட்டி, அதன் புழு அறையில் ஏழு சட்டம். நடுவிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டு இதை இறக்கினோம். மூடியைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே குந்தியிருந்தோம். அந்த நீண்ட இரைச்சல் குறையத் தொடங்கியதை இரண்டு பேருமே கேட்டோம். ராணி இன்னும் பிறக்கவில்லை, பிறப்பாளா என்றும் தெரியாது. வளர்க்க ஒரு குஞ்சு கிடைத்துவிட்டது, அதற்கே அந்த அமைதி.

சில நாளில் அடையின் கீழ்விளிம்பில் ராணி அறைகள் தொங்கின. மேலே குழிகுழியாக, கீழே குறுகி, அச்சு அசல் மல்லாட்டைக் காய். நீளமாக, நேராக, நல்ல இடத்தில் தொங்கிய ஒன்றை வைத்துவிட்டு மற்றவற்றைக் கிள்ளி எடுத்தோம். பல அறைகளை விட்டுவைத்தால் முதலில் வருகிறவள் மற்றவற்றின் பக்கச்சுவரைக் கடித்துத் துளைத்து உள்ளே இருப்பவளைக் கொட்டிக் கொல்வாள். அல்லது நம் தேனீயின் சுபாவப்படி குடும்பமே துண்டு துண்டாகப் பிரிந்து பறந்துவிடும். வெளியே வரப் போகிற இரண்டு மூன்று நாளுக்கு முன் வேலைக்காரிகள் அறை நுனியின் மெழுகைச் சுரண்டி எடுத்துவிடுகின்றன. உள்ளே அவள் நெய்த பழுப்புக் கூடு நுனியில் தெரியும். அதன்மேல் ஈக்கள் விலகாமல் மொய்த்துக்கொண்டிருக்கும். தேனீ வளர்ப்பில் என் மனம் எப்போதும் நிலைத்து நின்றுவிடுவது இந்த இடத்தில்தான்.

அந்தப் பெட்டியின் ஈக்களுக்கும் அந்த அறைக்குள் இருப்பவளுக்கும் ரத்த உறவு ஒன்றும் கிடையாது. அவள் வேறொரு தாயின் மகள். வழக்கமாக, தன் ராணியின் முட்டையிலிருந்து வளர்த்தால், வேலைக்காரிக்கு அவள் தங்கை முறை, அவள் பிள்ளைகளுக்கு இவள் பெரியம்மா. இங்கே அதுவும் இல்லை. புது ராணி வெளியே வந்து, ஒரு வாரம் போல உடல் தேறி, பறந்து போய்ச் சேர்ந்து வந்து, மேலும் இரண்டு மூன்று நாளில் முட்டையிடத் தொடங்கி, அந்த முட்டை வேலைக்காரியாக வெளிவரும்போது, சட்டம் வைத்த நாளிலிருந்து ஏறத்தாழ ஆறு வாரம் ஆகியிருக்கும். பூக்காலத்தில் ஒரு வேலைக்காரியின் ஆயுளே ஐந்து, ஆறு வாரம்தான். ராணி அறையைக் கட்டியவர்களில், பால் ஊட்டியவர்களில், நுனி மெழுகைச் சுரண்டியவர்களில் பெரும்பாலோர் புது ராணியின் மக்கள் பூவுக்குப் போவதைப் பார்ப்பதில்லை. அதன் பிறகு சில வாரத்தில் அந்தப் பெட்டியில் பழைய வம்சத்தின் ஈ ஒன்றுகூட இருக்காது. அதே பெட்டி, அதே அடை, அதே வாசல், அதே வேப்பமரத்து நிழல். உள்ளே முழுக்க வேறு குடி.

குடும்பம் பிழைத்தது என்று சொல்கிறோம். எது பிழைத்தது? ரத்தம் பிழைக்கவில்லை. அடை கட்டுகிற கை, குஞ்சுக்கு ஊட்டுகிற வழக்கம், சேர்த்துவைத்த தேன், காவல் நின்ற வாசல், இவைதான் கை மாறிப் போயின. பரம்பரை என்றால் ரத்தத்தை மட்டும் நினைக்கிற பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பிள்ளையில்லாத வீட்டில் தத்தெடுக்கச் சொன்னால் "யாரு புள்ளையோ" என்று கேட்கிற ஊர்களில்தான் நாமும் வளர்ந்தோம். ஈக்கள் கேட்பதில்லை. இதற்கு அறிவியல் விளக்கம் ஏதோ இருக்கலாம், குஞ்சின் மணம் தாதியைத் தூண்டுகிறது என்று சொல்வார்கள், சரிதான். அந்த விளக்கத்தால் எனக்கு அதன் மதிப்பு குறையவில்லை. வளர்ப்பதுதான் உறவை உண்டாக்குகிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான இடம் நான் கண்டதில்லை.

ராணி பிறந்ததோடு முடிந்துவிடாது. அவள் வானத்தில் பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு சேர வேண்டும். வாழ்நாளுக்கு வேண்டிய விந்தணுக்களை அந்தச் சில பறத்தல்களிலேயே சேமித்துக்கொள்கிறாள். அந்த ஆண்கள் மற்றக் குடும்பங்களிலிருந்து வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூவும் இருக்காது, ஆண் ஈக்களும் இருக்காது. அப்போது ராணி போனால் சட்டம் கொடுத்து வளர்ப்பதைவிட, நடுவில் ஒரு செய்தித்தாளை விரித்து, நல்ல ராணியுள்ள பெட்டியோடு சேர்த்துவிடுவதே மேல். தாளைக் கடித்துத் துளைத்து ஒன்றாகக் கலக்கும்போது இரண்டு குடும்பத்தின் மணமும் ஒன்றாகிவிடும். தை பிறந்த பிறகு நிலைமை வேறு. அப்போதும் அவள் பறக்கும் வழியில் கரிச்சானும் பஞ்சுருட்டானும் உட்கார்ந்திருக்கும். போன ராணி திரும்பாமலும் போகலாம். அப்படி நேர்ந்தால் இன்னொரு சட்டம் கொடுக்க வேண்டியதுதான்.

ஆக, ஒரு குடும்பம் தனியாக வாழ முடியாது என்பதே கணக்கு. இதை நம் நாடு ஒரு முறை பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1910களில் நியூட்டன் என்ற இயேசு சபைப் பாதிரியார் திருச்சி வட்டாரத்தில் இந்தியத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார். 1920களிலிருந்து மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராமங்களுக்குப் பெட்டி வளர்ப்பைக் கொண்டுபோனது. தென்னகத்தில் அது பல்லாயிரம் வீடுகளின் வருமானமாயிற்று. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பெயர் தாங்கிய ஒரு வைரஸ் நோய் வந்து, புழுக்களை மூடுவதற்கு முன்பே நீர் கோத்த பையாக்கிக் கொன்றது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் பெட்டிகள் வரிசை வரிசையாகக் காலியாயின. சட்டம் கேட்டுப் போகப் பக்கத்துப் பெட்டியும் இல்லாத நாட்கள் அவை. அந்த நோயைக் கட்டுப்படுத்தச் சொல்லப்படும் வழிகளில் ஒன்று, ராணியைச் சில நாள் கூண்டில் அடைத்து முட்டையை நிறுத்தி, நோய் தொற்றப் புழுவே இல்லாமல் செய்வது. நாம் அஞ்சுகிற அந்த வெறுமையே அளவோடு கொடுத்தால் மருந்தாகிறது.

இப்போது வீட்டுத்தோட்டத்துக்கு, குழந்தைகள் பார்க்க, ஒரே ஒரு பெட்டி வாங்கி வைப்பது பரவியிருக்கிறது. ஆசை நல்லதுதான். ஆனால் ஒற்றைப் பெட்டி என்றாவது ராணியை இழக்கும், அன்று அதற்குக் கை கொடுக்க ஆள் இருக்காது. வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள். இடமோ பணமோ ஒன்றுக்குத்தான் உண்டென்றால், பக்கத்துக் கொல்லைக்காரரை ஒன்று வைக்கச் சொல்லுங்கள். திண்டிவனத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன, பக்கத்தில் யாரெல்லாம் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று போய் விசாரியுங்கள். தர்பூசணிக்கும் எள்ளுக்கும் மருந்து அடிக்கிறவர்கள் பூ விரிந்திருக்கும் காலையை விட்டுவிட்டு, ஈ கூடடைந்த சாயங்காலத்துக்குத் தள்ளிவையுங்கள். யாராவது வந்து "பெட்டியில முட்டையக் காணல" என்று கேட்டால் ஒரு சட்டம் எடுத்துக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் உங்கள் ராணி அதில் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.